கைரேகை போட்டிருந்தும் பணம் போனது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் சிறிய அளவில் விசைத்தறித் தொழில் செய்கிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறும்போது, அவருடைய ஆண்ட்ராய்டு போனைச் சட்டைப் பையிலிருந்து யாரோ எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ரிங் போனது, பிறகு ஸ்விட்ச் ஆஃப். கைரேகைப் பூட்டு இருக்கிறது, யாராலும் திறக்க முடியாது, திங்கட்கிழமை புது சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். கவருக்குள் ஏ.டி.எம். கார்டும் இருந்தது, ஆனால் கார்டை வைத்து யாரும் பணம் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது: சனிக்கிழமை இரவு 4,900 ரூபாயும், ஞாயிறு இரவு 61,000 ரூபாயும் யு.பி.ஐ. வழியாகப் போயிருக்கிறது. அன்றைக்கே வங்கியில் புகார் கொடுத்தோம். 'ஓ.டி.பி. உங்கள் நம்பருக்குத்தான் வந்திருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார்கள். நாங்கள் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லை. கைரேகைப் பூட்டை எப்படி உடைத்தார்கள்? போனுக்கு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட வேண்டுமா? தொழில் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் விண்டோஸ் 10 லேப்டாப்பில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பையனும் அதைத்தான் பயன்படுத்துகிறான். அதற்கு என்ன செய்ய வேண்டும்? போன பணம் திரும்பக் கிடைக்குமா?

— வாசகி, ஈரோடு

பதில்: பூட்டை யாரும் உடைக்கவில்லை, சகோதரி. உடைக்க வேண்டிய அவசியமே திருடனுக்கு வரவில்லை. உங்கள் கணவரின் போன் இன்றுவரை பூட்டியபடியே எங்காவது கிடக்கலாம்.

கவருக்குள் ஏ.டி.எம். கார்டு இருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்: போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தவன், ஒரு ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்து வேறொரு போனில் போட்டிருப்பான். சிம்முக்குத் தனிப் பூட்டு இல்லாததால் அது உடனே வேலை செய்யும். அந்தப் போனில் ஒரு யு.பி.ஐ. செயலியை இறக்கியிருப்பான். செயலி அந்த நம்பரிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, 'இந்த நம்பர் இந்தப் போனில் இருக்கிறது' என்று உறுதி செய்துகொள்ளும். எந்த வங்கி என்று கார்டின் முன்பக்கமே சொல்லிவிடும். அடுத்து யு.பி.ஐ. பின் மறந்துவிட்டது என்று ஒரு தட்டு. அதற்குக் கேட்பது என்ன? டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்கள், கார்டு காலாவதியாகும் மாதமும் வருடமும், ஒரு ஓ.டி.பி. முதல் இரண்டும் கார்டிலேயே அச்சடித்திருக்கிறது. மூன்றாவது அவன் கையிலிருக்கும் சிம்முக்கு வந்து சேர்ந்துவிடும். சில வங்கிகள் ஏ.டி.எம். பின்னையும் கேட்கும், எல்லா வங்கியும் கேட்பதில்லை. கார்டோடு பின் எழுதிய துண்டுச் சீட்டு ஏதாவது இருந்ததா என்று கணவரிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை ஏன் 4,900 மட்டும் போனது? புதிய போனில் யு.பி.ஐ. பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்திருக்கிறார்கள். இது அவனுக்கும் தெரியும். அதனால்தான் ஞாயிறு இரவுவரை காத்திருந்து மிச்சத்தை எடுத்திருக்கிறான். அந்த 24 மணி நேரம் உங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்படுத்திய அவகாசம். ஞாயிறு காலையில் சிம்மையும், வங்கியைக் கூப்பிட்டு யு.பி.ஐ.யையும் நிறுத்தியிருந்தால் 61,000 ரூபாய் கணக்கிலேயே இருந்திருக்கும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதைப் படிக்கிற மற்றவர்கள் 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சிம்மை நிறுத்தக் கடை திறந்திருக்க வேண்டியதில்லை. வேறொரு போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு அடையாள விவரம் சொன்னால் ஞாயிறு நள்ளிரவிலும் நிறுத்துவார்கள்.

ஆக, முதலில் பூட்ட வேண்டியது சிம். போனுக்குப் பூட்டுப் போடாத ஆளை இன்று பார்ப்பது அபூர்வம். சிம்முக்குப் பூட்டுப் போட்ட ஆளைப் பார்ப்பது அதைவிட அபூர்வம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் மேலே தேடும் கட்டத்தில் 'சிம் லாக்' என்று தேடினால் வந்துவிடும். ஐபோனில் செல்லுலார் பகுதியில் 'சிம் பின்' என்று இருக்கும். போட்டுவிட்டால், சிம்மை வேறு போனில் மாற்றினாலும், அதே போனை அணைத்துப் போட்டாலும் நான்கு இலக்க எண்ணைக் கேட்கும். தெரியாதவனுக்கு அந்த சிம் வெறும் பிளாஸ்டிக்.

ஒரு எச்சரிக்கை. இதை இயக்கும்போது முதலில் கம்பெனி வைத்திருக்கும் பழைய பின்னைக் கேட்கும். அதை ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பி.யு.கே. என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்தது, புதிதுதான் வாங்க வேண்டும். சிம் கம்பெனியின் கடைக்குப் போய் ஆரம்ப பின் என்ன என்று கேட்டு, அங்கேயே நின்று மாற்றிக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலை. கூடவே கார்டைக் கவரிலிருந்து எடுத்து மணிபர்ஸில் வையுங்கள். மடக்குக் கவரில் கார்டு வைக்க அறை தைத்து விற்கிற புண்ணியவான்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

போன் தொலைந்தால் என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சிம்மை நிறுத்துங்கள். அடுத்து வங்கியைக் கூப்பிட்டு கார்டையும் யு.பி.ஐ.யையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் நேராக 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் மோசடி உதவி எண். இங்கே புகார் பதிவானதும், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். அவன் எடுப்பதற்கு முன்பாகப் போய்ச் சேர்ந்தால் அந்தத் தொகையை முடக்கி வைப்பார்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று பணம் சில மணி நேரத்திலேயே கை மாறிவிடும் என்பதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கூப்பிடுவதற்கும் மறுநாள் கூப்பிடுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பிறகு போலீஸ் புகார். அதன் நகலை வைத்து மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்தால், இந்தியாவில் எந்தக் கம்பெனியின் சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் இயங்காதபடி முடக்குவார்கள். 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுக்க இருக்கிறது. அதில் பதிவு செய்ய ஓ.டி.பி. வரும், ஆனால் மாற்று சிம் வாங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது. திருடன் உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கி ஓ.டி.பி. பிடித்துவிடக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை செய்த ஏற்பாடு அது. சிம் கெட்டுப்போயிற்று என்று திரும்பக் கடைக்கு ஓடாதீர்கள். ஐ.எம்.இ.ஐ. எண் தெரியாமல் முழிப்பவர்கள்தான் அதிகம். *#06# என்று அடித்தால் திரையில் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனென்றால் இரண்டு எண். போன் கையில் இருக்கும்போதே அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

சிம்முக்கு அடுத்தபடி ஜிமெயில். பேங்க் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து வரும் கடிதம், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் வரும் லிங்க், எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. மெயில் அவன் கைக்குப் போனால் மற்றவற்றின் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக அவனே மாற்றிக்கொள்வான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதிலேயே 'பேக்அப் கோட்' என்று எட்டு இலக்க எண்கள் பத்து தருவார்கள். அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். சிம்மும் போனும் ஒன்றாகப் போய்விட்ட அன்றைக்கு, ஓ.டி.பி. வர வழியில்லாதபோது, உங்கள் கணக்குக்குள் உங்களையே சேர்க்கும் வழி அதுதான். இப்போது கூகுள் முன்வைக்கும் 'பாஸ்கீ' முறையையும் போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டே இல்லாததால் போலித் தளத்தில் ஏமாந்து கொடுக்கவும் எதுவும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க பின் ஒன்று இருக்கிறது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற தலைப்பில். அதைப் போடாமல் விட்டால், சிம்மை எடுத்தவன் உங்கள் கணவர் பெயரில் வாட்ஸ்அப் திறந்து நூல் வியாபாரியிடமும் மச்சானிடமும் 'அவசரம், 20,000 அனுப்புங்கள்' என்று கேட்பான். கேட்டது இவர்தான் என்று நம்பி அனுப்பியும் விடுவார்கள். வாட்ஸ்அப்பிலேயே 'இணைத்த சாதனங்கள்' என்பதையும் திறந்து பாருங்கள். ஆதார் நகல் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருப்பீர்கள், வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தியதில் லாக் அவுட் செய்யாமல் வந்திருப்பீர்கள். அந்தக் கடை இன்னமும் உங்கள் செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கலாம். தெரியாத சாதனம் எது இருந்தாலும் தட்டி வெளியேற்றுங்கள்.

இனி போன் பூட்டு. கைரேகை நல்லதுதான், ஆனால் கைரேகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பின் அல்லது பேட்டர்ன் இருக்கிறது. பூட்டின் பலம் அதன் பலம்தான். நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்பு, ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம். பிறந்த வருடமும் கல்யாண நாளும் பத்தாயிரத்தில் முதலில் முயன்று பார்க்கும் எண்கள். பேட்டர்னில் கணக்குப்படி 3,89,112 வகை உண்டு, ஆனால் நம் ஆட்கள் போடுவது ஆங்கில எழுத்து எல் அல்லது இசட். அதுவும் திரையில் விரல் இழுத்த தடம் அப்படியே தெரியும். ஆறு இலக்க பின்னுக்கு மாறிவிடுங்கள். பூட்டிய திரையில் செய்திகளின் உள்ளடக்கம் தெரியாதபடியும் செய்யுங்கள். போனைத் திறக்காமலே ஓ.டி.பி. படிக்கிற வசதியைத் திருடனுக்கு நாமே செய்து கொடுக்க வேண்டாம்.

கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுவதும் இப்போது நடக்கிறது. அப்போது போன் திறந்த நிலையில் இருக்கும் என்பதுதான் சிக்கல். 2024 இறுதியிலிருந்து ஆண்ட்ராய்டில் 'தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்' என்று ஒன்று வந்திருக்கிறது. வெடுக்கென்று இழுத்து ஓடும் அசைவை உணர்ந்து திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புள்ள பெரும்பாலான போன்களில் கிடைக்கும், ஆனால் நாம்தான் இயக்க வேண்டும். ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த 17.3 பதிப்பிலிருந்து, வீடு, அலுவலகம் போன்ற வழக்கமான இடங்களுக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முயன்றால் முகத்தைக் காட்டச் சொல்லி, ஒரு மணி நேரம் காக்க வைத்து, மறுபடி முகத்தைக் காட்டச் சொல்லும் ஏற்பாடு உண்டு. அதையும் இயக்கி வையுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'பேட்டர்ன் என்னங்கண்ணா?' என்று கடைப் பையன் கேட்பான். நாம் சொன்னதும் ஒரு ஸ்டிக்கரில் ஒன்பது புள்ளி வைத்து, கோடிழுத்து, போனின் முதுகில் ஒட்டி டப்பாவில் போட்டுவிடுவான். மாலை வரை அந்தக் கடைக்கு வந்து போகிற யாருக்கும் அந்தப் போன் திறந்த வீடு. சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்றும், பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்றும் ஒரு வசதி உண்டு. போட்டுக் கொடுத்தால் ரிப்பேர் பார்ப்பவர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களோ செய்திகளோ அவர் கண்ணில் படாது. இந்த வசதி இல்லாத போனென்றால் சிம்மை எடுத்துவிட்டு, கண்ணெதிரே நின்று வேலையை முடித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். என் பதில்: போனுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் 'பிளே ப்ரொடெக்ட்' இருக்கிறது, அதை அணைக்காமல் வைத்தால் போதும். இன்று போனுக்குள் வரும் விஷம் பெரும்பாலும் திருட்டுத்தனமாக நுழைவதில்லை, நாமே கையெழுத்துப் போட்டு உள்ளே விடுகிறோம். 'கல்யாணப் பத்திரிகை' என்றோ, 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்றோ, 'கரன்ட் பில் பாக்கி' என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும். ஏ.பி.கே. என்பது செயலி. செயலியாக வருகிற பத்திரிகையில் கல்யாணம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான். அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருக்கலாம், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மோசடிக்காரன் கையில்.

திறந்தால் அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அல்லது 'ஆக்ஸசிபிலிட்டி' அனுமதி கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்ட ஏற்படுத்திய வசதி அது. கெட்ட செயலியின் கையில் கிடைத்தால் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கும், உங்கள் விரலுக்குப் பதிலாக அதுவே தட்டும். பிறகு ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரும்போதே அவனுக்கும் போகும். பாதிக்கப்பட்டவர்கள் 'நான் யாருக்கும் சொல்லவில்லை' என்று சத்தியம் செய்வது உண்மைதான், சொன்னது செயலி. தெரியாமல் திறந்துவிட்டால் உடனே ஏரோபிளேன் மோட் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சிம்மை வெளியே எடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். அந்தப் போனை முழுதாக ரீசெட் செய்யாமல் மறுபடி வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள்.

பழைய போன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்திய போனில் யூடியூப் பார்க்கலாம், பேசலாம், யு.பி.ஐ. வேண்டாம். செட்டிங்ஸில் 'பாதுகாப்பு அப்டேட்' என்ற இடத்தில் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் வங்கி வேலையை வேறு போனுக்கு மாற்றுங்கள். அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். சாம்சங் எஸ்24, பிக்சல் 8 வரிசைகளிலிருந்து ஏழு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த பல போன்களில் அவ்வளவு கிடைக்காது. ரயில்வே ஸ்டேஷன் சார்ஜிங் பாயின்ட், பொது வைஃபை பற்றியெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிற பயமுறுத்தல்களுக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. சார்ஜ் போடும்போது 'டேட்டா பகிரலாமா' என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், போதும்.

லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இனி அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைத் தானாக அடைக்க மாட்டார்கள். வீட்டுப் பயனாளிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்று அறிவித்திருக்கிறார்கள், அதில் நாமாகத்தான் சேர வேண்டும். ஓட்டை அடைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017 மே 12 சாட்சி. அன்று 'வான்னாக்ரை' என்ற நிரல் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் அப்டேட் அனுப்பிவிட்டிருந்தது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள்.

உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுமா என்று அப்டேட் பக்கமே சொல்லிவிடும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் பெரும்பாலும் ஏறாது. அப்படியானால் நீட்டிப்பில் சேர்ந்துவிட்டு, அது முடிவதற்குள் தொழிலுக்கென்று ஒரு மெஷின் வாங்கிவிடுங்கள். பழையதைப் பையனுக்குக் கொடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்லுங்கள், அவன் படிப்புக்கும் நல்லது.

தொழில் கணக்கும் பையனின் பொழுதுபோக்கும் ஒரே லேப்டாப்பில் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தவறாக நினைக்காதீர்கள், எல்லா வீட்டுப் பையன்களையும்தான் சொல்கிறேன். கேம்ஸ், வீடியோ எடிட்டிங் மென்பொருள் எல்லாம் 'கிராக்' செய்த பதிப்பாக இறக்குவார்கள். இறக்கும் இடத்திலேயே 'முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு' என்று எழுதியிருக்கும். அணைத்துவிடுவார்கள். அதில் வருகிற திருட்டு நிரல் சத்தம் போடாது, லேப்டாப் மெதுவாகவும் ஆகாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமான குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிட்டு, தன்னையே அழித்துக்கொண்டாலும் அழித்துக்கொள்ளும். குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ தேவையில்லை, நேராக உள்ளே போய்விடலாம். 2023 மார்ச்சில் கனடாவின் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. கம்ப்யூட்டரையே தொழிலாக வைத்திருப்பவர்கள். விளம்பர ஒப்பந்தம் என்று மெயிலில் வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அவ்வளவுதான்.

அதனால் அந்த லேப்டாப்பில் பையனுக்குத் தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருக்க வேண்டும். அப்போது மெஷின் முழுவதையும் தொடும் மென்பொருள் எதை நிறுவினாலும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். ஜி.எஸ்.டி., நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில் சேமிக்காதீர்கள். 'பாஸ்வேர்டைத் தாளில் எழுதாதே' என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு நான் அதை மாற்றிச் சொல்வேன்: ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். ஈரோட்டில் உங்கள் பீரோவுக்குள் இருக்கும் நோட்டை எந்த நாட்டு ஹேக்கராலும் படிக்க முடியாது. ஏ.டி.எம். பின்னை மட்டும் போன் கான்டாக்ட்டில் 'ஏ.டி.எம். அண்ணன்' என்று சேமிக்கிற வித்தை வேண்டாம், திருடர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

லேப்டாப் திருடு போனால்? விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாக் கோப்பும் தெரியும். அதைத் தடுப்பது டிஸ்க்கையே குறியாக்கம் செய்வது. விண்டோஸில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்', மேக்கில் 'ஃபைல்வால்ட்'. விண்டோஸில் போடும்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்று தருவார்கள். அதைத் தொலைத்தால், மதர்போர்டு மாற்றிய அன்றைக்கு உங்கள் கணக்கை உங்களாலேயே திறக்க முடியாது. புது லேப்டாப்களில் இது தானாகவே இயங்கியிருக்கலாம், உரிமையாளருக்கே தெரியாது. அந்த எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். கணக்குக் கோப்புகளை வாரம் ஒருமுறை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு ஒயரைக் கழற்றி வைப்பது அவசியம். மாட்டியே வைத்திருந்தால், லேப்டாப்பைப் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான்.

கடைசியாகப் பணம். 'ஓ.டி.பி. உங்கள் நம்பருக்குத்தான் வந்தது' என்று வாய்மொழியாகச் சொன்னதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. நீங்கள் திங்கட்கிழமையே தெரிவித்துவிட்டீர்கள். கார்டைக் கவரில் வைத்தது கவனக்குறைவு என்று அவர்கள் வாதிடலாம், அந்த வாதம் முழுக்க ஆதாரமற்றது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பின்னையோ ஓ.டி.பி.யையோ யாருக்கும் சொல்லவில்லை, புதிய போனில் பதிவாகி 24 மணி நேரம் முடிந்ததும் 61,000 ரூபாயை எடுத்த பரிவர்த்தனையை வங்கி சந்தேகிக்கவும் இல்லை. இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், போன் தொலைந்த நேரம், போலீஸ் புகார் நகல், 1930-இல் பதிவு செய்த எண் எல்லாவற்றையும் இணைத்து, கிளை மேலாளருக்கு இரண்டு பிரதி கொடுத்து ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 1930-இல் இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள், தாமதமானாலும் பதிவு வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கு வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது.